வெறுங்குப்பியும் வேட்டைத் துப்பாக்கியும்

தோட்டாவைச் சுட்டபின் குண்டும் மருந்தும் போய்விடும். பித்தளைக் குப்பி மட்டும் எஞ்சும். விலைமிக்க பகுதியும் அதுவே. 1870களில் அமெரிக்கச் சமவெளியிலே காட்டெருமை வேட்டையாடியோர் இதனை நன்கறிவர். ஈயம், கருமருந்து, குண்டு வார்க்கும் அச்சு ஆகியவற்றை வண்டியில் ஏற்றிச்சென்று, தங்குமிடத்திலேயே குப்பிகளை மீண்டும் நிரப்பினர் பலர். அவ்விலங்கினம் அழிவின் விளிம்புக்குச் சென்றதில் இச்சிக்கனத்துக்கும் பங்குண்டு என்பேன்.

மீண்டும் நிரப்புமுன், குப்பியின் அடியில் தீமூட்டும் சிறு கிண்ணமாகிய பழைய பிரைமரை அகற்றவேண்டும். இதில் இருவகை, இரண்டும் 1866இல் தோன்றியவை. ஆங்கிலேயரான பாக்ஸரின் முறையில் குப்பியின் அடிநடுவே ஒரே துளை. உள்ளிருந்து ஊசியால் தள்ளினால் பிரைமர் விழுந்துவிடும். அமெரிக்கரான பெர்டானின் முறையிலோ நடுவே மேடு, அதன் பக்கங்களில் நுண்துளைகள். வெளியிலிருந்து நெம்பித்தான் எடுக்கவேண்டும். விந்தை யாதெனில், நாளடைவில் அமெரிக்கர் பாக்ஸர் முறையைக் கைக்கொண்டனர். ஐரோப்பியர் பெரிதும் பெர்டான் முறையைத் தழுவினர்! அமெரிக்க வேட்டைக்காரரின் வீடுகளில் இத்தொழில் வேரூன்ற அவ்வொற்றைத் துளை பெரிதும் உதவிற்று. 1884இல் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் அதற்கான கைக்கருவிகளை விற்றது.

1890களில் புகையற்ற மருந்து பரவிற்று. அதன் ஆற்றல் மிகப் பெரிது. கருமருந்தைக் கரண்டியால் அளந்து பழகியோர் அதே அளவில் இதனையும் கொட்டத் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின. தராசின்றி இத்தொழிலில் இறங்கலாகாது என்றாயிற்று.