இரண்டு ‘காஷ்’, ஒரு காசு

ஈழத்து உடுப்பிட்டியில் கணக்கீடு படிக்கும் மாணவர் பெறுவனவு இடப்பக்கமும் கொடுப்பனவு வலப்பக்கமுமாக எழுதும் ஏட்டுக்குக் காசேடு என்று பெயர். காசோலை, காசுக்கட்டளை, காசுப்பாய்ச்சற் கூற்று எல்லாம் அவ்வழி வந்தவையே. தமிழ்நாடு ‘ரொக்கம்’ என்னும் இடத்தில் ஈழம் காசைக் கொண்டது. கலைச்சொல்லாக அது மிகப் பொருத்தம். ஆனால் இந்தப் பொருத்தத்தையே சான்றாகக் காட்டி, ஆங்கிலத்தின் ‘காஷ்’ தமிழ்க் காசிலிருந்து பிறந்தது என நிறுவுவாருண்டு. அம்முடிபு ஏற்கத்தக்கதன்று.

வழக்கைத் தீர்ப்பது 1598இல் இலண்டனில் வெளிவந்த ஜோன் புளோரியோவின் இத்தாலிய ஆங்கில அகராதி. ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு அது பெட்டி என்று பொருள் கூறி, வணிகரின் ‘காஷ்’ என்றும் விளக்குகிறது. இங்கே ‘காஷ்’ நாணயமன்று. நாணயம் இடும் பெட்டி. இலத்தீன் ‘கப்ஸா’வின் வழிவந்த அப்பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது, நம் இலக்கணத்தில் இதனை இடவாகுபெயர் என்போம். பெட்டிக்குப் பொறுப்பானவரே ‘காஷியர்’.

தமிழிற் காசுக்குப் பொருள் பல: மணி, பொன், நாணயம், குற்றம். சிவசம்புப் புலவரின் ஊரான உடுப்பிட்டியில் யாப்புக் கற்றோர்க்கு அது வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுங்கூட. இவற்றுள் எதுவும் பெட்டியன்று. பெட்டிப் பொருளை விளக்காத எந்தச் சொற்பிறப்பும் புளோரியோவின் பதிவின் முன் நில்லாது.

அதே 1598இல் வெளியான ஒல்லாந்தப் பயணி லின்சோட்டனின் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, யாவாத்தீவின் சுந்தாவில் வழங்கிய செப்பு நாணயமொன்றை ‘கைஷா’ என்கிறது. இந்தப் போர்த்துக்கேய வடிவின் பின்னால் நிற்பதுதான் நம் காசு. இதுவே ஆங்கிலத்தின் இரண்டாவது ‘காஷ்’: முன்னாளிற் சென்னையில் 80 சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்; சீனத்துத் துளை நாணயத்துக்கும் அதுவே பெயர். 1886இன் ஹொப்சன் ஜொப்சன் அகராதியும் இரண்டையும் பிரித்தே காட்டுகிறது.

போர்த்துக்கேயத்தில் ‘கைஷா’ என்பது பெட்டிக்கும் பெயர். ஆகவே ஆங்கிலப் பெட்டி தமிழ்க் காசிலிருந்து வரவில்லை. தமிழ்க் காசுதான் போர்த்துக்கேயர் வாயிற் பெட்டியின் வடிவை ஏற்றது என்று கருதுகிறேன். இதனைத் திட்டமாக நிறுவ இயலாவிடினும், ‘சு’ ‘ஷா’வானதற்கு இதனினும் எளிய விளக்கம் புலப்படவில்லை.

காசே வடமொழிக் ‘கர்ஷ’த்திலிருந்து வந்தது என்பர், அது வேறு வழக்கு, இம்முடிபைத் தொடாது. காசை ஆங்கிலத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுசென்றிருக்கலாம் என்பதற்கும் இடமில்லை; அதன் பட்டயம் புளோரியோவுக்குப் பிந்திய 1600க்குரியது.

ஆங்கிலத்துக்குத் தமிழ் ஈந்தது இரண்டாவது ‘காஷ்’. சுந்தாவிலிருந்து சீனம்வரை வழங்கிய அப்பெயரே போதிய பெருமை. நம் அகராதிகள் இரண்டையும் தனித்தனித் தலைச்சொல்லாகப் பதிதல் வேண்டும்.