ஆட்சி மாறும்போது பெண்கள்

ஜெகதாப்பட்டினம் இன்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர். 1974 ஜனவரி 14-இல் இந்த மாவட்டம் உருவாகும்வரை அது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. தொண்டைமான் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. அந்தப் பழைய எல்லைக்கோட்டை நான் பெண்களின் வரலாறாகவும் வாசிக்கிறேன்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் சட்டசபையில் எழுப்பிய குரல் 1947-இல் முழுமையான சட்டமாயிற்று. புதுக்கோட்டையோ 1948 மார்ச் 3-இல்தான் இந்தியாவோடு இணைந்தது. மாகாணச் சட்டம் ஜெகதாப்பட்டினத்தைத் தொட்டது. அதற்காகப் போராடியவரின் பிறந்த ஊருக்கு வெளியே நின்றது. தேசமே விடுதலை பெற்றபோதும், ஒரு பெண்ணின் விடுதலையை எந்த அரசின் எல்லைக்குள் பிறந்தாள் என்பது தீர்மானித்தது.

அடுத்த பெரிய அசைவு 1991-இல் வந்தது. அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் கற்றார்கள் நம் மாவட்டத்துப் பெண்கள். அதே காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கல்குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்குக் குத்தகையாகக் கிடைத்தன. கல்லுடைத்தவர்களே கணக்கும் எழுதினார்கள். பழைய ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சைக்கிளைக் கேலியோடு விட்டவர்கள், குவாரியை விடவில்லை. வருமானம் கைமாறும் இடத்தில்தான் எதிர்ப்பு கூர்மையாகிறது.

1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது; 2016-இல் அது பாதி என்று சட்டமாயிற்று. ஆனால் சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்கள் பலவற்றில் இன்னொரு பஞ்சாயத்தும் உண்டு. தலைக்கட்டு வரி கட்டும் ஆண்களின் கூட்டம் அது. கடல், ஏலம், தகராறு எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், மனுவோடு அலைவதும் வட்டி கட்டுவதும் பெண்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும் இதைக் காண்கிறோம். 2003-இல் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே வெள்ளை உடுத்து நாள்தோறும் அமர்ந்த பெண்கள், போரை நிறுத்த நெருக்கினார்கள். 2005 தேர்தலில் எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டின் தலைவரான முதல் பெண் அவர். நாடாளுமன்றத்திலோ பெண்கள் சிறுபான்மையாகவே நீடித்தார்கள்.

ஆகவே, ஒரு மாற்றத்தை அளக்க நாற்காலிகளை எண்ணினால் போதாது. குவாரிக் குத்தகை யார் பெயரில், மீன் ஏலத்தில் விலை சொல்வது யார், ஊர்க்கூட்டத்துக்குள் யார் நுழையலாம் என்று கேட்க வேண்டும். ஜெகதாப்பட்டினத்துக் கரையிலும் அந்தக் கேள்விகளோடுதான் நாம் இறங்க வேண்டும்.