ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருக்கும் காற்று



வீட்டில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறேன், எந்த ஸ்பீக்கர் வாங்கலாம் என்று நம் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் எத்தனை வாட்ஸ் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தப் பெட்டி நம் கூடத்துக்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்கிறேன். கதை தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பது தானாகப் புரியும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் எல்லோருக்கும் தெரியும். அதன் மூதாதையை 1915ல் கலிஃபோர்னியாவின் நாபா என்ற ஊரில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதம் என்ற இருவர் செய்தார்கள். 1919ல் அமெரிக்க ஜனாதிபதி வில்சன் சான் டியாகோ நகரில் சுமார் 50,000 பேர் முன்னால் பேசியது அவர்களுடைய கருவியில்தான். பேச்சுக்குக் குழாய் போதும். தவிலின் அடிநாதம் வேண்டுமென்றால் குழாய் ஆள் உயரத்துக்கு மேல் நீள வேண்டும். வீட்டில் எங்கே வைப்பது?

குழாயே வேண்டாம் என்று காட்டியவர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1925ல் அவர்கள் வெளியிட்ட அமைப்புதான் இன்றைக்கும் உங்கள் டிவிக்குள் இருக்கிறது: ஒரு காந்தம், அதன் இடுக்கில் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. எட்டாம் வகுப்பில் மின்காந்தம் நடத்தினேனே, அதேதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கூம்பு முன்னால் நகரும்போது முன்புறக் காற்று அழுந்தும், பின்புறக் காற்று தளரும். தாழ்ந்த சுருதியில் இந்த இரண்டும் ஓரமாகச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால் முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும். பெட்டி வந்தது இதற்காகத்தான், அழகுக்காக இல்லை. நம் ஊர் டீக்கடைகளில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுப் போடுவார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கடைக்காரர் செய்ததும் இதே வேலை. பானைதான் அவருக்குப் பெட்டி.

ஆனால் பெட்டியும் பெரிதாகிக்கொண்டே போனது. 1946ல் பால் கிளிப்ஷ் விற்பனைக்குக் கொண்டுவந்த மூலை ஸ்பீக்கர் நாலு அடிக்கு மேல் உயரம். அருமையாகப் பாடும். ஆனால் பீரோ வைக்கிற இடம் கேட்கும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். எட்கர் வில்ச்சூர் இன்ஜினியர் அல்ல. கலை வரலாறு படித்தவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தபோது எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்டு, பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி மாலை வகுப்பு எடுத்தார். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், உள்ளே இருக்கும் காற்று ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும். வில்ச்சூர் பிடித்தது அதைத்தான். கூம்பைத் தாங்கும் ஓரத்தைத் தளர்வாக விட்டுவிட்டுப் பெட்டியை முழுக்க மூடிவிட்டால், உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும். விறைப்பான ஓரத்தைவிட அது பிசகில்லாத ஸ்பிரிங். சிறிய பெட்டியிலேயே ஆழமான நாதம் வரும்.

பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோனார், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருந்த ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞர்தான், நாமே செய்வோம் என்று கூடச் சேர்ந்தார். வாத்தியாரும் மாணவனும் 1954ல் தொடங்கிய கம்பெனியின் முதல் ஸ்பீக்கர் ஏ.ஆர்.-1. உயரம் இரண்டே அடிக்கு ஒரு விரற்கடை கூட. 1958ல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் எல்லோருக்கும் இரண்டு பெட்டி தேவைப்பட்டது. இரண்டு பீரோ யார் வைப்பார்கள்? 1966 வாக்கில் அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் கம்பெனியிடம் இருந்தது.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. க்ளாஸ் பிறகு பிரிந்து போய்த் தொடங்கிய கம்பெனியில் பங்காளி ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் ஒரு விதி உண்டு: சிறிய பெட்டி, ஆழமான நாதம், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்னப் பெட்டி ஆழமாகப் பாட வேண்டுமானால் வாட்ஸ் தின்னும். வாட்ஸ் பெரிய பேச்சானது அப்படித்தான். அதைப் பிடித்துக்கொண்டு விளம்பரக்காரர்கள் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்தார்கள். அந்த எண்ணுக்கு ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. என்னைக் கேட்டால் அது ஏமாற்று. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். அதிலும் வாட்ஸ் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். சென்சிட்டிவிட்டி 84 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், 90 உள்ளதைப் போலக் கேட்க நாலு மடங்கு மின்திறன் கேட்கும். கடையில் இந்த எண்ணைக் கேளுங்கள், சொல்லத் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொன்றும் முக்கியம். 1933ல் பெல் ஆய்வுக்கூடத்தார் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கச்சேரியைத் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் ஒலிக்க வைத்தபோது, இடம், நடு, வலம் என்று மூன்று வழி வைத்தார்கள். சினிமாவிலும் திரைக்குப் பின்னால் நடுவில் ஒன்று வந்தது. வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். மலிவான 5.1 செட்டுகளில் உள்ளங்கை அளவு இருப்பதும் அதுதான். அதனால் சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிரும், அம்மாவுக்கு வசனம் புரியாது. காசைப் பின்னால் வைக்கும் பெட்டிகளில் போடாமல் முன் மூன்றில் போடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் செட்டிங்கில் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றிப் பாருங்கள். சப்வூஃபரை மூலையில் வைத்திருந்தால் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்துங்கள், இரைச்சல் அடங்கும்.

அந்த இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். க்ளாஸ் 1970களில் வீட்டில் பெரிய படம் காட்டும் புரொஜெக்‌ஷன் டிவி செய்தார். ஹோம் தியேட்டருக்கு அதுவும் ஒரு தொடக்கம். வில்ச்சூர் கம்பெனியை விற்றுவிட்டுக் காது கேளாதோர் பக்கம் திரும்பினார். மெல்லிய ஒலியை உயர்த்தி, உரத்த ஒலியை அடக்கி, தாழ்ந்த சுருதிக்கும் உயர்ந்த சுருதிக்கும் தனித்தனியாக அதைச் செய்யும் காதுக்கருவி முறையை 1973ல் வெளியிட்டார். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. 2011ல் 94 வயதில் காலமானார்.

யார் வீட்டிலாவது பழைய பானை ஸ்பீக்கர் இன்னும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.