ஹெரோயின்: விட்டவன் வீடு திரும்பும் நாட்கள்

பெல்மதுளையில் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்த தம்பி ஒருவன், ஹெரோயின் வழக்கில் சில மாதங்கள் மறியலில் இருந்துவிட்டு வந்தான். உடம்பு தேறியிருந்தது. வந்த மூன்றாம் நாள் இரவு இறந்துபோனான். "முந்தி எடுத்த அளவைத்தான் எடுத்தான்" என்றான் அவனுடைய கூட்டாளி. அந்த அளவு ஏன் கொன்றது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

'குடு', 'தூள்' என்று சொல்லப்படும் ஹெரோயின், அபினில் உள்ள மோர்பினை மாற்றிச் செய்யப்படுவது. 1898 இல் ஜேர்மனியின் பேயர் கம்பனி இதை இருமல் மருந்தாக விற்றது. இலங்கையில் பெரும்பாலானோர் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை இழுக்கிறார்கள்.

உடனடி விளைவுகள்: இதமான மயக்கம், வாய் வறட்சி, குமட்டல், அரிப்பு, ஊசிமுனைபோல் சுருங்கும் கண்மணி, பின்னர் சில மணிநேரம் தூங்கி விழுதல். சுவாசத்தை நடத்தும் மூளைப் பகுதியும் மந்தமாகும். அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். போர் தந்த தூக்கமின்மைக்கு மாத்திரை எடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நீண்டகால விளைவுகள்: உடம்பு பழகப் பழக அளவு கூடும். மலச்சிக்கல், நுரையீரல் நோய், மனச்சோர்வு, ஆண்மைக் குறைவு, மாதவிடாய்க் குழப்பம் வரும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஈரல் அழற்சியும் தொற்றலாம். கர்ப்பிணி பாவித்தால் பிறக்கும் குழந்தையும் அதற்கு ஏங்கித் துடிக்கும்.

நிறுத்தினால் ஒரு நாளுக்குள் மூக்கு ஒழுகும், எலும்பு நோகும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரமளவில் பெரும்பாலும் அடங்கும். அப்போதுதான் "சுகமாகிவிட்டான்" என்று நாம் நம்புகிறோம். ஆனால் ஆசை மாதக்கணக்கில் நிற்கும். உடம்பின் தாங்கும் சக்தியோ குறைந்துவிடும். முன்பு பழகிய அளவே இப்போது உயிரை எடுக்கும். மறியலிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வந்த முதல் வாரங்களே மிக ஆபத்தானவை.

1984 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கலாம். இந்தப் பயத்திலும் வெட்கத்திலும் குடும்பங்கள் மறைக்கின்றன. மறைப்பதால் நேரம் போய்விடுகிறது.

உதடு நீலமாகி, மூச்சு மெதுவாகி, தட்டியும் எழும்பாவிட்டால் உடனே 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். சிகிச்சை ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் இருக்கிறது. அடிப்பதும் பூட்டிவைப்பதும் வைத்தியமல்ல.