மிதிவண்டியும் 12 இலக்க எண்ணும்: புதுக்கோட்டை மாவட்டக் கிராமச் சுகாதாரச் செவிலியர் பணிநிலை

மருத்துவத்துறையில் கணினி புகுந்த வரலாறு பெரும்பாலும் நகர மருத்துவமனைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 2017-இல்தான் அரசு மருத்துவக் கல்லூரி பெற்ற புதுக்கோட்டை மாவட்டத்தில் அதனைத் துணைச் சுகாதார நிலையத்திலிருந்து தொடங்குவதே பொருந்தும். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி. கருவுற்றோர், தடுப்பூசி பெற்ற குழந்தைகள், தகுதியுள்ள தம்பதியர் எனப் பல பதிவேடுகள் அந்நிலையச் செவிலியரின் பொறுப்பு.

அவரது உழைப்பை முதலில் மாற்றிய கருவி கணினியன்று. 1991-இல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்தது. அதனால் பயன்பெற்றோருள் வேளாண் கூலிப் பெண்களோடும் கல்குவாரிப் பெண்களோடும் கிராமச் சுகாதாரச் செவிலியரையும் பி. சாய்நாத் குறிப்பிடுகிறார். பேருந்து வரும் வேளைக்குக் கட்டுப்பட்டிருந்த களப்பணி அதன்பின் ஓரளவேனும் அவர்கள் வசப்பட்டது.

‘பிக்மி’ எனப்படும் மகப்பேறு, குழந்தைநலக் கணினிப் பதிவு முறை எதிர்த்திசையில் இயங்கியது. கருவுற்ற ஒவ்வொருவருக்கும் 12 இலக்க எண் வழங்கப்பட்டது. 2018 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அவ்வெண் தேவையாயிற்று. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரிலான மகப்பேறு நிதியுதவியும் (அவ்வாண்டு 18,000 ரூபாயாக உயர்ந்தது) இப்பதிவையே சார்ந்தது. தவணை வராத தாய் கேள்வி கேட்பது தன் ஊர்ச் செவிலியரிடமே. விடுபட்ட பதிவு பிரசவம் நடந்த மருத்துவமனையினுடையதாக இருந்தாலும் பழி இவருக்கே. காகிதப் பதிவேடும் ஒழியவில்லை. பகலில் ஏட்டிலும் இரவில் கணினியிலும் ஒரே செய்தியை எழுத நேர்ந்தது. இணையப் பதிவின் சுமை செவிலியர் சங்கங்களின் கோரிக்கைகளில் இடம்பெற்றதில் வியப்பில்லை.

எனினும் இம்முறையைச் சுமை என்று மட்டும் கொள்வது சரியன்று. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுள்ள நாட்டில், ஊரெல்லையோடு நின்றுவிடும் ஏடு அப்பெண்ணைப் பின்தொடரவில்லை, எண் பின்தொடர்ந்தது. இரத்தசோகையோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் வேற்றூர் மருத்துவமனையை அடையும்போது இதன் பயன் பெரிது. நன்மை தாய்க்கும், அதற்கான உழைப்புநேரம் செவிலியருக்கும் உரியனவாயின. அந்நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடாததே சிக்கலின் வேர் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

ஆய்வாளர் கருதவேண்டியது மற்றொன்றுண்டு. புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாறு அதன் ஆவணங்கள் எஞ்சியதால் எழுதப்பட்டது. துணை நிலைய ஏடுகளின் அடித்தல், திருத்தல், ஓரக்குறிப்புகளில் பணியின் சுவடு பதிந்துள்ளது. கணினித் திரையின் கட்டங்களில் அதற்கு இடமில்லை. அவ்வேடுகள் கழிக்கப்படுமுன் மாவட்ட அளவில் தொகுக்கப்பட வேண்டும்.