கைக்கு வேலை கொடுத்த ஆஸ்பத்திரி

ஆஸ்பத்திரி உத்தியோகம் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவோர் டாக்டரும் மிஸ்ஸியுமே. பழைய தோட்டத்து ஆட்களைக் கேட்டால் டிரெஸ்ஸரையும் சேர்த்துக்கொள்வார்கள். நான்காமவர் ஒருவர் உண்டு. ஊசி போடமாட்டார், மருந்து எழுதித் தரமாட்டார். பக்கவாதத்தில் கை விழுந்தவரைச் சட்டைப் பொத்தான் மாட்டவும், கரண்டி பிடிக்கவும், மறுபடி வேலைக்குப் போகவும் பழக்கிவிடுவார். ஆங்கிலத்தில் அக்குபேஷனல் தெரப்பி, மலாயில் பெமுலிஹான் சாராகெர்ஜா. தொழில்வழிச் சிகிச்சை என்று நாம் சொல்லலாம். இந்த உத்தியோகம் பிறந்த வரலாற்றைப் பார்ப்போம்.

இதற்கென ஒரு சங்கம் 1917 மார்ச் மாதம் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தொடங்கியது. கூட்டத்தைக் கூட்டிய ஜார்ஜ் பார்ட்டன் டாக்டர் அல்லர், கட்டடம் வரைபவர். காசநோயால் வாடி, பாதத்தில் ஒரு பகுதியை இழந்து, இடப்பக்கம் செயலற்றுப் போனவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்து செய்தே உடம்பைத் தேற்றிக்கொண்டார். நோயாளியும் சேர்ந்து தொடங்கிய தொழில் என்றால் அது இதுதான்.

சங்கம் வைத்தால் போதுமா? ஆஸ்பத்திரிக்குள் நுழைய இடம் வேண்டாமா? அந்த இடத்தைப் பிடித்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

மார்கரெட் பார் ஃபுல்டன் 1900ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தார். அமெரிக்கா போன இடத்தில் இப்படியொரு படிப்பு இருப்பதை அறிந்து, பிலடெல்ஃபியாவில் சேர்ந்து தேறினார். ஊர் திரும்பினால் வேலை இல்லை! படிப்பின் பெயரே அங்கே பலருக்குப் புதிது. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கடைசியில் கிளாஸ்கோவிலிருந்த மனநல மருத்துவர் டாக்டர் ஹென்டர்சன், அபர்டீன் மனநோய் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரிடம் அவரை அனுப்பிவைத்தார். 1925இல் வேலை கிடைத்தது. முறையாகப் பயிற்சி பெற்று, பிரிட்டனில் இந்த வேலையில் அமர்ந்த முதல் ஆள் அவரே.

அந்தக் காலத்து மனநோய் ஆஸ்பத்திரிகளில் நோயாளிகள் வேலை செய்தது புதிதல்ல. துணி துவைத்தார்கள், மண் கொத்தினார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு ஆகவேண்டிய வேலை. நோயாளிக்கு ஆகவேண்டிய வேலை எது என்று கேட்டதுதான் புதுமை. கை நடுங்குபவருக்கு எது, யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு எது என்று ஆளைப் பார்த்து வேலை கொடுக்க வேண்டும். "சும்மா கூடை பின்ன விடுறாங்க" என்று கேலி செய்வோருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

ஃபுல்டன் அதே ஆஸ்பத்திரியில் 1963 வரை, 38 ஆண்டுகள் இருந்தார். 1952இல் பத்து நாடுகள் சேர்ந்து இத்தொழிலுக்கு உலகச் சம்மேளனம் அமைத்தபோது அவரே முதல் தலைவர்.

அந்தப் பத்தில் இந்தியாவும் ஒன்று. அதற்குக் காரணமானவர் கமலா நிம்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, பெயரையும் மாற்றிக்கொண்ட அம்மையார். பம்பாயில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அதாவது நம்ம ஜாதி, வாத்தியார் ஜாதி! நாற்பது வயதைக் கடந்த பிறகு அமெரிக்கா சென்று இதைப் படித்து வந்து, 1950இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

நம் நாட்டில் இன்று அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. பக்கவாதக்காரர் மட்டுமல்ல, தீக்காயத்தில் விரல் மடங்கியவரும், பென்சில் பிடிக்க வராத பிள்ளையும் அங்கே வருகிறார்கள். 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டம் இத்தொழிலையும் பதிவுக்குரிய சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டிப்ளோமாவும் உண்டு, மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் உண்டு. ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், பாரம் நிரப்பும்போது டாக்டர், மிஸ்ஸியோடு சேர்த்து இந்தப் பெயரையும் கேட்டுப் பாருங்கள்.