எந்தச் சோதனை முதலில்? மென்பொருள் மீள்சோதனையில் நேரத்தின் இடம்

ராதர்மெல், அன்ட்ச், சூ, ஹாரல்ட் ஆகிய நால்வர் 2001இல் எழுதிய ஆய்வுரையில் ஒரு தொழில் நிறுவனத்தின் நிலைமை குறிப்பிடப்படுகிறது. அதன் மென்பொருள் சுமார் 20,000 வரிகளே கொண்டது. ஆனால் சோதனைகள் எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க ஏழு வாரம் பிடித்தது. எந்த வரிசையில் ஓட்டினாலும் மொத்த நேரம் அதே ஏழு வாரம்தான். பிழை உண்டு என்ற செய்தி முதல் நாளே கிடைக்கிறதா, கடைசி வாரத்தில் கிடைக்கிறதா என்பதை மட்டுமே வரிசை தீர்மானிக்கிறது. செய்தி தாமதமானால் நிரலாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். பிழையான பகுதியின் மேல் மற்றவர்கள் புதிதாகக் கட்டியும் இருப்பார்கள். இரவு முழுவதும் ஓடும் சோதனைத் தொகுப்புகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

சோதனைகளை வரிசைப்படுத்தும் இத்துறைக்கு அந்த நால்வரின் ஆய்வு அடித்தளம் இட்டது. அவர்கள் ஒப்பிட்டவற்றுள், அதிக நிரல்வரிகளைத் தொடும் சோதனையை முதலில் ஓட்டுவது ஒரு முறை. இதுவரை எந்தச் சோதனையும் தொடாத வரிகளை அதிகம் தொடுவதை அடுத்து எடுப்பது மற்றொரு முறை. வரிசைகளை ஒப்பிட அவர்கள் தந்த அளவுகோல் ஏபிஎஃப்டி, அதாவது கண்டறியப்பட்ட பிழைகளின் சராசரி விழுக்காடு. ஒவ்வொரு பிழையும் எத்தனையாவது சோதனையில் வெளிப்பட்டது என்பதை அது எண்ணுகிறது. அந்தச் சோதனை எத்தனை நிமிடம் ஓடியது என்பதை எண்ணுவதில்லை.

என் மறுப்பு இந்த இடத்தில்தான். கற்பனையாக மூன்று சோதனைகளை எடுத்துக்கொள்வோம். அ 20 நிமிடம் ஓடும், தோற்கும் வாய்ப்பு 30 விழுக்காடு. ஆ 2 நிமிடம் ஓடும், வாய்ப்பு 10 விழுக்காடு. இ 1 நிமிடம் ஓடும், வாய்ப்பு 6 விழுக்காடு. ஒரு சுற்றில் இவற்றுள் ஒன்றுக்கு மேல் தோற்காது எனவும் கொள்வோம். அ, ஆ, இ என்று ஓட்டினால், பிழை இருக்கும் சுற்றுகளில் ஏபிஎஃப்டி சராசரியாக 67 விழுக்காடு. இ, ஆ, அ என்று திருப்பிப் போட்டால் அது 33 ஆகச் சரிகிறது. அளவுகோலின்படி முதல் வரிசைதான் இரு மடங்கு நல்லது. கடிகாரம் நேர்மாறாகச் சொல்கிறது: முதல் வரிசையில் பிழைச் செய்திக்காகக் காத்திருக்கும் சராசரி நேரம் 20.8 நிமிடம், இரண்டாவதில் 15.8. தாழ்த்தி மதிப்பிடப்பட்ட வரிசை ஐந்து நிமிடம் முந்துகிறது.

சரியான விதியை வருவிப்பது கடினமன்று. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சோதனைகளை இடம் மாற்றிப் பார்த்தால் போதும். முன்னால் நிற்பது தன் ஓட்ட நேரம் அளவுக்குப் பின்னதன் செய்தியைத் தாமதப்படுத்துகிறது. பின்னது தோற்கும் வாய்ப்பால் அந்தத் தாமதத்தைப் பெருக்கினால் இழப்பு கிடைக்கும். இரு புறமும் கணக்கிட்டால், தோற்கும் வாய்ப்பை ஓட்ட நேரத்தால் வகுத்து வரும் ஈவு எதற்குப் பெரியதோ அதுவே முன்னால் நிற்க வேண்டும் என்று தேறுகிறது. 1956இல் டபிள்யூ. இ. ஸ்மித் ஒற்றை இயந்திரத்தில் வேலைகளை வரிசைப்படுத்தக் கண்ட விதியும் இதுவே. நமக்கு வேண்டிய விடை, கேள்வி எழுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்தது.

ஏபிஎஃப்டியின் இந்தக் குறையை எல்பாம், மாலிஷெவ்ஸ்கி, ராதர்மெல் மூவரும் 2001லேயே உணர்ந்து, செலவையும் பிழையின் கடுமையையும் சேர்த்த திருத்திய அளவுகோல் ஒன்றைத் தந்தார்கள். ஆயினும் பழைய அளவுகோலை மட்டுமே கொண்டு வெற்றி அறிவித்த ஆய்வுகள் அதன்பின்னும் பல வந்தன. பிழையின் கடுமையை முன்கூட்டி மதிப்பிடுவது அரிது என்பது நியாயமான தடைதான். ஓட்ட நேரத்துக்கு அந்தத் தடை இல்லை. சோதனைக் கருவிகள் நொடிக் கணக்கைத் தாமாகவே பதிந்துவைக்கின்றன.

தோற்கும் வாய்ப்புக்கு எங்கே போவது? கடந்தகாலப் பதிவே நல்ல சான்று. கிம், போர்ட்டர் இருவரும் 2002இல் சோதனை வரலாற்றைக் கொண்டு வரிசைப்படுத்தும் முறையை முன்வைத்தார்கள். கென்ட் பெக் உருவாக்கிய ஜாவா சோதனைக் கருவியான ஜேயூனிட் மேக்ஸ், அண்மையில் தோற்றவற்றையும் குறைந்த நேரமே ஓடுபவற்றையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. ஈவின் இரு பகுதிகளையும் நடைமுறையில் பிடித்த கருவி அது. பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்டிலும் முந்தைய ஓட்டத்தில் தோற்றவற்றை முதலில் எடுக்கும் வசதி உண்டு. மாற்றப்பட்ட வரிகளை எந்தச் சோதனை தொடுகிறது என்பதும் வாய்ப்பை மதிப்பிட உதவும். சோதனைகள் தொடும் வரிகளின் அளவுக்கு, அதாவது கவரேஜுக்கு, உரிய இடம் அதுதான். வரிசையைத் தனித்து ஆளும் தகுதி அதற்கு இல்லை.

நிரல் மாறாதபோதே ஒரு தடவை வென்று மறுதடவை தோற்கும் நிலையற்ற சோதனைகளிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. வரலாற்றை அப்படியே நம்பினால் அவை எப்போதும் முதலிடத்தில் வந்து நிற்கும். அவை தரும் தோல்விச் செய்தியோ பெரும்பாலும் வெற்றுச் செய்தி. அத்தகைய தோல்விகளைக் கழித்த பிறகே வாய்ப்பைக் கணக்கிட வேண்டும்.

வரிசையை மாற்றும் உரிமையே நமக்கு உண்டா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. ஒரு சோதனை தரவுத்தளத்தில் ஒரு பயனரைச் சேர்த்துவிட்டு அழிக்காமல் போகிறது. பயனர் எவரும் இல்லை என்று எதிர்பார்க்கும் மற்றொரு சோதனை, முன்னால் நின்றால் வெல்லும், பின்னால் நின்றால் தோற்கும். ஜாவா 7 வந்தபோது இது பரவலாக அம்பலமானது. அதன் இயக்கச் சூழல், சோதனைகள் எழுதப்பட்ட நிரல்முறைகளை (மெத்தட்) நிலையான வரிசையில் தராததால், பழைய வரிசையை அறியாமலே நம்பியிருந்த சோதனைகள் விழுந்தன. ஜாவா சோதனைச் சட்டகமான ஜேயூனிட்டின் 2012இல் வெளிவந்த 4.11 பதிப்பு நிலையான வரிசையை ஏற்படுத்தியது. விழுந்தவை எழுந்தன, ஆனால் சார்பு நீங்கவில்லை, மறைக்கப்பட்டது. கோ மொழி 2021இல் சோதனைகளைக் கலைத்துப்போட்டு ஓட்டும் வசதியைச் சேர்த்ததை நான் இதைவிடச் சரியான வழியாகக் கருதுகிறேன். கலைத்து ஓட்டினால்தான் சார்புகள் வெளியே வரும். அவற்றை நீக்காமல் முன்னுரிமை வரிசையைப் புகுத்தினால் இல்லாத பிழைகள் தோன்றும், இருக்கும் பிழைகள் ஒளியும்.

இத்துறையில் ஆய்வேடு எழுதுவோரிடமும் அவற்றை மதிப்பிடுவோரிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சோதனையின் ஓட்ட நேரத்தையும் தரவோடு வெளியிடுங்கள். முதல் தோல்விச் செய்தி எத்தனை நிமிடத்தில் கிடைத்தது என்பதை ஏபிஎஃப்டிக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். அந்த எண் இல்லாத ஒப்பீட்டை ஏற்காதீர்கள்.